சாசனம்: ஆணையிட்டவர் மாறிய கதை

'சாஸ்' என்ற வடமொழி வேருக்கு ஆளுதல், கட்டளையிடுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'சாசனம்' முதலில் அரசாணையையே குறித்தது. பிறகு ஆணையைத் தாங்கிய கல்லுக்கும் செப்பேட்டுக்கும் அதுவே பெயராயிற்று. மரண சாசனம், அடிமை சாசனம் என்று தனிமனிதர் எழுதிக்கொடுத்த பத்திரங்களுக்கும் பரவியது.

சோழர் காலத்தில் அரசன் வாய்திறந்து சொன்னதைத் திருமந்திர ஓலை எழுதுவோர் ஓலையில் எழுதினர். திருமந்திர ஓலைநாயகங்கள் அதைச் சரிபார்த்தனர். கணக்கில் பதிந்த பின்னரே செம்பில் ஏறியது. ஆனைமங்கலச் செப்பேட்டில் இந்த அதிகாரிகளின் பெயர்களை இன்றும் படிக்கலாம். எழுதிய கைகள் பல. ஆணை மட்டும் ஒருவருடையது.

இந்தியாவின் அரசியல் சாசனத்தை எழுத 1946 டிசம்பர் 9 அன்று டெல்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் அப்படி ஆணையிட அரசன் யாரும் இல்லை. சபையின் உறுப்பினரல்லாத ஆலோசகர் பி.என். ராவ் 243 பிரிவுகளில் முதல் வரைவை எழுதினார். அம்பேத்கர் தலைமையில் 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக் குழு அதை 315 பிரிவுகளாக்கியது. குழுவில் சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தார். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், சிலர் தொலைவில் இருந்தார்கள். பெரும் சுமை அம்பேத்கரின் தோளில் விழுந்தது என்று பின்னர் குழுவில் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே சொன்னார்.

சுமார் 7,635 திருத்தங்கள் வந்தன; 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டன. வேறெந்தச் சாசனமும் இத்தனை கேள்விகளைத் தாங்கிப் பிறந்திருக்குமா என்று வியக்கிறேன். சபை விரும்பிய கருத்தைச் சட்டமொழியில் அமைத்துத் தந்தவர் எஸ்.என். முகர்ஜி. 1949 நவம்பர் 26 அன்று 395 பிரிவுகளோடு சபை அதை ஏற்றது. ஆங்கிலப் படியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதினார். நந்தலால் போஸும் அவர் மாணவர்களும் பக்கங்களுக்கு ஓவியம் தீட்டினர்.

முகப்புரையில் மக்களே இந்தச் சாசனத்தைத் தமக்கு வழங்கிக்கொள்கிறார்கள். ஆள்வோர் குடிகளுக்கு இட்ட கட்டளையாக இருந்த சாசனம், குடிகள் ஆள்வோருக்கு இட்ட கட்டளையாயிற்று. அரசியல் சாசனத்தை இலங்கைத் தமிழர் 'அரசியல் யாப்பு' என்கிறார்கள்; கட்டுதல் என்ற பொருளுடைய நல்ல சொல். இங்கே ஏட்டில் 'அரசமைப்பு' இருக்கட்டும். பேச்சில் 'சாசனம்' என்பதை விட்டுவிடக் கூடாது என்பேன்.

முகப்புரையோடு நின்றுவிடாமல், 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரையையும் படியுங்கள். ராவையும் முகர்ஜியையும் அதில் அவர் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்.