நரம்பிசை மூவர்

ஐரோப்பியச் செவ்வியல் இசையில் சிறு குழுவினர் வாசிப்பதற்கென இயற்றப்பட்டதை அறை இசை என்பர். வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று கொண்ட நால்வர் குழு இதில் பெரும்புகழ் பெற்றது. அதிலிருந்து ஒரு வயலினை நீக்கினால் எஞ்சுவதே நரம்பிசை மூவர் குழு.

ஒரு கருவி குறைவதால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். மேனாட்டு இசை, பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒத்திசையை ஆதாரமாகக் கொண்டது. அதன் அடிப்படை அடுக்குக்கு மூன்று சுரங்கள் தேவை. நால்வரில் ஒருவர் ஓய்ந்தாலும் மூவர் அதைத் தாங்குவர். மூவரில் ஒருவர் ஓய்ந்தால் அடுக்கு குறைபடும். ஆகவே வில்லை அடுத்தடுத்த இரு தந்திகளின்மீது ஒருசேர இழுத்து, ஒரு கருவியிலிருந்தே இரு சுரங்களை எழுப்பும் உத்தி இங்கு அடிக்கடி கையாளப்படுகிறது.

மூன்று கருவிகளுக்கும் தந்திகள் நான்கு. அடுத்தடுத்த தந்திகளின் அதிர்வெண்கள் 3:2 என்ற விகிதத்தில் அமையும். நம் இசையில் பஞ்சமத்துக்கும் ஷட்ஜத்துக்கும் உள்ள விகிதமும் இதுவே. மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு வயலினில் ஏறத்தாழ 196 தடவையும், வயோலாவில் 131 தடவையும், செல்லோவில் 65 தடவையும் அதிர்கிறது.

ஹைடன் இளமையில் எழுதிய மூவர் இசையில் பெரும்பாலானவை இரண்டு வயலின்களுக்கும் ஒரு தாழ்சுரக் கருவிக்கும் உரியவை. வயோலாவுக்குச் சமபங்கு தந்த பெரும் படைப்பை மொட்சார்ட் 1788 செப்டம்பர் 27இல் வியன்னாவில் முடித்தார். ஆறு பகுதிகள் கொண்ட அதனை, தமக்குக் கடன் கொடுத்து உதவிய வணிக நண்பர் புக்பெர்குக்காக எழுதினார். 1789 ஏப்ரலில் டிரெஸ்டன் நகரில் அது வாசிக்கப்பட்டபோது வயோலாவை ஏந்தியவர் அவரே.

பீத்தோவன் ஐந்து மூவர் இசைகள் இயற்றினார். அவற்றில் இறுதி மூன்றும் 1798இல் வெளியாயின. பின்னர் நால்வர் இசைக்குத் திரும்பிய அவர், இவ்வகையில் வேறொன்றும் எழுதவில்லை.

இவ்வகையின் மறக்கவியலாத படைப்பொன்று சிறைமுகாமில் பிறந்தது. செக் நாட்டு யூத இளைஞர் கிடியோன் கிளைன், நாஜிகளின் தெரெசின் முகாமில் 1944 அக்டோபரில் ஒரு மூவர் இசையை முடித்தார். நடுப்பகுதிக்கு மொராவிய நாட்டுப்பாடலொன்றின் மெட்டைக் கருவாகக் கொண்டார். முடித்த சில நாள்களில் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜனவரியில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 25. கையெழுத்துப் படி அழியாமல் தப்பியது. அவ்விசையை இன்றும் மூவர் குழுக்கள் வாசித்து வருகின்றன.