வெயில் குடித்த வானொலி

ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குள் நின்றால் தெற்கே மலை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த மலைக்கு மேலே, நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள், கொடைக்கானல் வானாய்வகம். சூரியனைப் படம் பிடிக்கும் இடம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சரிதான், 1904லிருந்து பிடிக்கிறார்கள். ஆனால் அங்கே நடந்த இன்னொரு வேலையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காற்று மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் முட்டி மோதிக்கொண்டு போவதை, ஒரு எலக்ட்ரானைக்கூடத் தொடாமல், தரையில் இருந்தபடியே கவனித்த வேலை அது.

எலக்ட்ரான் மோதலை முதலில் படித்தவர்கள் கண்ணாடிக் குழாய்க்காரர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் டவுன்சென்ட், அழுத்தம் குறைந்த வாயுவுக்குள் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன, ஒவ்வொரு மோதலிலும் எவ்வளவு ஆற்றலை இழக்கின்றன என்று அளந்தார். அவருடைய மாணவர் பெய்லி ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 1933ல் ஐரோப்பாவில் ஒரு விசித்திரம்: சுவிட்சர்லாந்து நிலையத்தைத் திருப்பினால், பின்னணியில் லக்ஸம்பர்க் நிகழ்ச்சியும் சேர்ந்து கேட்டது. லக்ஸம்பர்க்கின் பலத்த அலை வானத்து எலக்ட்ரான்களைச் சூடாக்குகிறது, அதனால் அவை மோதும் வேகம் மாறுகிறது, அந்த வழியாக வரும் மற்ற அலையிலும் அந்தத் தடம் பதிகிறது என்று பெய்லியும் மார்ட்டினும் அடுத்த ஆண்டே விளக்கினார்கள். குழாய்க்குள் கற்ற பாடம் வானத்துக்கும் பொருந்திவிட்டது.

எங்கள் வீட்டு ரேடியோவில் தொலைதூரத்து மத்திய அலை நிலையங்கள் இருட்டிய பிறகுதான் வரும். “ஏனுங்க அப்பிச்சி, பகல்ல ஏன் கேக்க மாட்டேங்குது?” என்று கேட்டதற்கு, “வெயிலு குடிச்சுப் போடுது கண்ணு” என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பாடநூலும் சொன்னதில்லை. அறுபதிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் பட்டு எலக்ட்ரான்கள் பிரிகின்றன. வானொலி அலை அவற்றை ஆட்டுகிறது. ஆடின எலக்ட்ரான் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு மூலக்கூறில் மோதிவிடுகிறது. அலை வெப்பமாகப் போய்விடும். பொழுது சாய்ந்தால் அந்த எலக்ட்ரான்கள் பெரும்பாலும் இல்லாமல் போகும்; அலை இன்னும் மேலே போய்த் திரும்பி வரும்.

கொடைக்கானலில் காந்த அளவீடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. 1923ல் நின்று 1949ல் மறுபடி ஆரம்பித்தது. (காந்த அளவீட்டுக்கு அமைதியான இடம் வேண்டும். பம்பாய் டிராம்கள் மின்சாரத்துக்கு மாறியதால் கொலாபா ஆய்வகத்தின் காந்தக் கருவிகள் கடல் தாண்டி அலிபாக்குக்குக் குடிபோயின.) அமில் குமார் தாஸ் இயக்குநராக இருந்த 1950களில் அயனி மண்டலத்துக்கு அலை அனுப்பி எதிரொலி வாங்கும் கருவியும் வந்தது. சூரியனையும் அது வானில் செய்யும் வேலையையும் ஒரே வளாகத்தில் பார்க்க முடிந்தது. இதன் மதிப்பு அன்று எத்தனை பேருக்குத் தெரிந்ததோ!

காந்த முள் ஒன்றைக் காட்டியது. நண்பகலையொட்டி கிடைக்காந்த விசை அலிபாக்கைவிடக் கொடைக்கானலில் மிக அதிகமாக ஏறி இறங்கியது. இதே கூத்து பெருவின் ஹுவான்காயோவில் 1922லிருந்தே தெரியும். இரண்டுமே காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்கள். தலைக்கு மேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டரில், பகலில் கிழக்கு நோக்கி ஓடும் ஒடுங்கிய மின்னோட்டம்தான் காரணம். 1951ல் சாப்மன் அதற்கு மின்தாரை என்று பெயர் வைத்தார்.

ஏன் அந்த உயரம்? கணக்கு எளிது. அங்கே எலக்ட்ரான், காந்தப்புலத்தைச் சுற்றி நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுழல்கிறது. மோதுவதோ சில பத்தாயிரம் தடவைதான். ஆகவே அது காந்தத்துக்குக் கட்டுப்பட்டது. கனமான அயனி நொடிக்கு இருபது தடவைபோலச் சுழல வேண்டும். அதற்குள் ஆயிரம் தடவைக்கு மேல் மோதிவிடுகிறது. காற்றோடு காற்றாய்க் கிடக்கிறது. பகலின் மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தள்ள, அயனிகள் கீழேயே நிற்க, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு பலத்த மின்புலம் உண்டாகிறது. அதுதான் எலக்ட்ரான்களை மேற்கே விரட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே. இன்னும் கீழே போனால் எலக்ட்ரானும் மோதலில் சிக்கிவிடும். மேலே போனால் அயனியும் விடுபட்டு அதே பக்கம் ஓடும். இரண்டு இடத்திலும் தாரை இல்லை.

தரையில் இருந்து ஊகித்ததைப் போய்த் தொட்டுப் பார்க்க ராக்கெட் வேண்டியிருந்தது. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்ததால்தான் தும்பா என்ற மீனவ கிராமம் தேர்வானது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் சோடியம் ஆவியைச் சுமந்து போனது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் காந்தமானி கட்டிய ராக்கெட்டுகள் மின்தாரையைத் துளைத்துக்கொண்டு போய், அது ஓடும் உயரத்தை நேரடியாக அளந்தன.