பால்டிமோரும் இந்தியக் கிராமங்களும்: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதார உறவுகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில் அமைந்துள்ளது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். பொதுச் சுகாதாரத் துறையில் இப்பல்கலைக்கழகத்துக்கும் இந்தியாவுக்கும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலான தொடர்பு உண்டு. இந்திய மருத்துவர்கள் பலர் அங்கு சென்று படித்தார்கள். அங்குள்ள ஆசிரியர்கள் இந்தியாவுக்கு வந்து ஆய்வு செய்தார்கள். மேலைநாடு கற்பித்தது, இந்தியா கற்றுக்கொண்டது என்று மட்டும் இதைச் சுருக்கிவிட முடியாது. கல்கத்தா, நரங்வால், ஜாம்கேட், கட்சிரோலி ஆகிய இந்திய ஊர்களில் கண்டறியப்பட்டவை உலகச் சுகாதாரக் கொள்கையையே மாற்றின. அந்த வரலாறு இங்கே சுருக்கமாகக் கூறப்படுகிறது.

பள்ளியின் தோற்றம்

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுகாதார, பொதுநலப் பள்ளி நிறுவப்பட்டது. இதற்கு வித்திட்டவர் வில்லியம் ஹென்றி வெல்ச் என்னும் மருத்துவப் பேராசிரியர். ஒரு நோயாளியைக் குணப்படுத்துவது மருத்துவம். ஓர் ஊரே நோயுறாமல் காப்பது பொதுச் சுகாதாரம். இரண்டாவதற்குத் தனிப் படிப்பு தேவை என்பதே அப்பள்ளியின் அடிப்படைக் கருத்து. 2001 முதல் இப்பள்ளி புளூம்பெர்க் பொதுச் சுகாதாரப் பள்ளி என்று அழைக்கப்படுகிறது.

இந்தியாவுடனான தொடர்பு விடுதலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதே அறக்கட்டளையின் உதவியுடன் 1932-இல் கல்கத்தாவில் அகில இந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் இயக்குநராகப் பணியாற்றிய ஜான் கிராண்ட், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியில் பயின்றவர்.

கல்கத்தாவும் 1971-ஆம் ஆண்டின் காலராவும்

1960-களின் தொடக்கத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் ஒரு மருத்துவ ஆய்வு, பயிற்சி மையத்தை அமைத்தது. காலரா அதன் முதன்மையான ஆய்வுப் பொருள்களில் ஒன்று. காலராவில் உடலின் நீரும் உப்பும் வயிற்றுப்போக்காக வெளியேறுவதால் நோயாளி சில மணி நேரத்தில் இறந்துவிட நேரிடும். அக்காலத்தில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவதே முறையான சிகிச்சையாக இருந்தது.

குடல் வெறும் உப்பை எளிதில் உறிஞ்சுவதில்லை. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை சேர்ந்தால் உப்பையும் அதனுடன் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும். இந்த இயல்பை அடிப்படையாகக் கொண்டு, வாய்வழியே கரைசல் கொடுத்துக் காலராவைக் குணப்படுத்தும் ஆய்வுகள் 1960-களின் பிற்பகுதியில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்தன. இதற்கு வெகுமுன்பே, 1953-இல், ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் வங்காள மருத்துவர் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துப் பயன் கண்டு, 'லான்செட்' இதழில் எழுதியிருந்தார். அவரது கட்டுரைக்கு அன்று உரிய கவனம் கிடைக்கவில்லை.

1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டபோது சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர நகரமான பன்காவில் காலரா பரவியது. மருத்துவமனையில் படுக்கை கிடைக்காதவர்கள் தரையில் கிடந்தார்கள். நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கு பணியாற்ற வந்திருந்தவர் திலீப் மகலனாபிஸ். இவர் 1966 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்கத்தா மையத்தில் பணியாற்றிய குழந்தை மருத்துவர்.

வாய்வழிக் கரைசல் அதுவரை மருத்துவமனைக் கண்காணிப்பில் மட்டுமே சோதிக்கப்பட்டிருந்தது. மகலனாபிஸ் அதை முகாமில் பயன்படுத்தத் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அளவு. கல்கத்தா மையத்தில் இவை எடைபோட்டுப் பொட்டலமாகக் கட்டப்பட்டு முகாமுக்கு அனுப்பப்பட்டன. பெரிய டிரம்களில் கரைத்த நீரைத் தாய்மார்களும் உறவினர்களுமே நோயாளிகளுக்குப் புகட்டினார்கள். முகாம்களில் சுமார் 30 விழுக்காடாக இருந்த காலரா இறப்பு, இக்கரைசல் கொடுக்கப்பட்டவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது.

இம்முடிவுகள் 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் வெளியாயின. இன்று ஒவ்வொரு மருந்துக்கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாற்றில் பன்காவ் முகாமுக்கு முக்கிய இடம் உண்டு. மகலனாபிஸ் 2022-இல் காலமானார். அவர் இறந்த பின்னரே, 2023-இல், பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

கார்ல் டெய்லரும் நரங்வாலும்

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியில் 1961-இல் உலகச் சுகாதாரத்துக்கெனத் தனித் துறையைத் தொடங்கியவர் கார்ல் டெய்லர். மருத்துவ மறைப்பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த இவர், 1916-இல் முசோரியை அடுத்த லாண்டோரில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து இந்தியா திரும்பியவர், 1947 பிரிவினைக் கலவரத்தின்போது மருத்துவ உதவிக் குழுவில் பணியாற்றினார். பின்னர் லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நோய்த்தடுப்பு மருத்துவம் கற்பித்தார்.

அமெரிக்கா சென்ற பின்னும் டெய்லர் பஞ்சாபை மறக்கவில்லை. லூதியானா மாவட்டத்தின் நரங்வால் கிராமத்தை மையமாகக் கொண்டு, இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1960-களில் ஆய்வுகளைத் தொடங்கினார். மருத்துவக் கல்லூரி மாணவர்களைக் கிராமப் பணிக்கு எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பது முதல் கேள்வி. இந்தியாவின் ஏழு மருத்துவக் கல்லூரிகளின் கிராமப் பயிற்சி இதற்காக ஆராயப்பட்டது.

அடுத்த கேள்வி குழந்தைகளைப் பற்றியது. குழந்தை இறப்பதற்குக் காரணம் ஊட்டக் குறைவா, தொற்றுநோயா? கிராமங்கள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவுக்கு ஊட்டச்சத்து உதவி, ஒரு பிரிவுக்கு மருத்துவ உதவி, ஒரு பிரிவுக்கு இரண்டும் வழங்கப்பட்டன. நான்காம் பிரிவு ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது. ஊட்டக் குறைவும் தொற்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை, இரண்டையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும் என்ற கருத்தை இவ்வாய்வு வலுப்படுத்தியது.

கிராமத்திலேயே தங்கிய துணைச் செவிலியர்களுக்கு, நிமோனியாவை அடையாளம் கண்டு பென்சிலின் ஊசி போடவும் கற்பிக்கப்பட்டது. மருத்துவர் அல்லாதவர் ஊசி போடுவதா என்ற கேள்வி எழக்கூடிய காலம் அது. ஆனால் நிமோனியா கண்ட குழந்தைகளிடையே இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான அரசியல் உறவு 1971 போருக்குப் பின் கசந்தது. அந்தச் சூழலில் 1974-இல் நரங்வால் திட்டம் முடிவுக்கு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிற்கும் பணி, அரசியல் மாறினால் நின்றுவிடும் என்பதற்கு இது சான்றாயிற்று. ஆய்வின் முடிவுகள் நூலாக வெளிவந்தது 1983-இல்தான்.

வேலூரிலிருந்து ஜாம்கேட் வரை

டெய்லரின் மாணவர்களுள் ஒரு தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே. இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். பெண்களுக்கெனத் தொடங்கப்பட்ட அக்கல்லூரி 1947-இல்தான் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. 1960-இல் திருமணம் செய்துகொண்ட இருவரும் கிராம ஏழைகளுக்கே பணியாற்றுவது என்று முடிவு செய்தார்கள்.

மகாராஷ்டிராவின் வடாலா என்னும் ஊரில் மருத்துவமனைப் பணி செய்தபோது, குணமாகிச் சென்றவர்கள் அதே நோயுடன் திரும்பி வருவதைக் கண்டார்கள். நோயின் வேர் ஊரில் இருக்கிறது, மருத்துவமனையில் இருந்தபடி அதை அகற்ற முடியாது என உணர்ந்தார்கள். மேற்பயிற்சிக்காக அமெரிக்கா சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் பெற்றார்கள். 1970-இல் தாயகம் திரும்பி, அன்றைய அகமதுநகர் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கேட்டில் 'முழுமையான ஊரகச் சுகாதாரத் திட்டம்' என்பதைத் தொடங்கினார்கள்.

முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களையே கிராமங்களுக்கு அனுப்ப முயன்றார்கள். வெளியூர்ப் பெண்களால் கிராமங்களில் தனியே தங்க இயலவில்லை. எனவே அந்தந்த ஊரே தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப்பட்டது. அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தலித் பெண்களும் இருந்தார்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து பாடம் கேட்டு, ஊருக்குத் திரும்பி வீடு வீடாகச் சென்றார்கள். பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளை எடை பார்த்தார்கள், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள், தொழுநோயை அடையாளம் கண்டார்கள்.

சாதியும் சுகாதாரத்துக்குத் தடையாக இருந்தது. குடிநீருக்கான கைப்பம்புகள் பல தலித் குடியிருப்புகளில் அமைக்கப்பட்டன. தண்ணீர் வேண்டுமானால் மற்றவர்கள் அங்கே வரவேண்டும். எந்தச் சொற்பொழிவும் செய்யாததை அந்தப் பம்புகள் செய்தன. தொடக்கத்தில் அப்பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன என்று திட்டத்தின் பதிவுகள் கூறுகின்றன. 1990-களில் அது 30-க்கும் கீழே வந்துவிட்டது. ஆரோலே தம்பதியருக்கு 1979-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

அல்மா ஆட்டா அறிக்கை

உலகச் சுகாதார நிறுவனம் 1975-இல் வெளியிட்ட நூலொன்று, மக்களே நடத்தும் சுகாதாரத் திட்டங்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்துக்காட்டியது. ஜாம்கேட் அதில் ஓர் அத்தியாயமாக இடம்பெற்றது. 1978 செப்டம்பரில், அன்றைய சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் 134 நாடுகளின் பேராளர்கள் கூடி, 'ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு' பற்றிய புகழ்பெற்ற அறிக்கையை ஏற்றார்கள். அம்மாநாட்டின் ஆவணங்களைத் தயாரிப்பதில் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர் கார்ல் டெய்லர். நரங்வாலும் ஜாம்கேட்டும் தந்த பட்டறிவு இவ்வாறு உலக மேடைக்குச் சென்றது. டெய்லர் 2010-இல், 93-ஆம் வயதில் காலமானார்.

கட்சிரோலியின் எண்ணிக்கைகள்

அபய் பங், ராணி பங் தம்பதியர் நாக்பூரில் மருத்துவம் படித்தவர்கள். அபய் பங் இளமையில் காந்தியடிகளின் சேவாகிராமச் சூழலில் வளர்ந்தவர். இருவரும் 1984-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதுநிலைப் பட்டம் பெற்று, மகாராஷ்டிராவின் பழங்குடி மாவட்டமான கட்சிரோலியில் 'சர்ச்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழங்குடியினர் பெரிய மருத்துவமனைக் கட்டடங்களைக் கண்டு அஞ்சினார்கள். அதனால் மருத்துவமனை பழங்குடிக் கிராமத்தின் குடில்களைப் போலக் கட்டப்பட்டு, அவர்கள் வணங்கும் தந்தேசுவரி அம்மனின் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

பால்டிமோரில் அவர்கள் கற்றவற்றுள் தலையாயது, எண்ணிக் கணக்கிடும் முறை. ராணி பங் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் 92 விழுக்காட்டினருக்கு மகப்பேற்று உறுப்பு சார்ந்த நோய்கள் இருந்தன. பெரும்பாலானோர் அதுவரை ஒரு முறைகூட அதற்கான பரிசோதனை செய்துகொண்டதில்லை. 1989-இல் 'லான்செட்' இதழில் இவ்வாய்வு வெளியான பின், குடும்பக் கட்டுப்பாட்டைத் தாண்டியும் பெண்களின் உடல்நலம் பேசப்படலாயிற்று.

நிமோனியாவைக் கண்டறிய மூச்சின் வேகத்தை எண்ண வேண்டும். எண்ணத் தெரியாத பணியாளருக்காக, மணிகளும் மணல் கடிகாரமும் கொண்ட எளிய மூச்சுமானி ஒன்றை அவர்கள் உருவாக்கினார்கள். அடுத்துப் பச்சிளங்குழந்தைகளின் இறப்பை எதிர்கொண்டார்கள். 39 கிராமங்களில் பெண் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று குழந்தையை எடை பார்த்தார்கள். உடல் குளிராமல் காத்தார்கள். இரத்தத் தொற்று கண்டால் ஊசி மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க 62 விழுக்காடு குறைந்திருந்தது. 1999-இல் இம்முடிவு வெளியானது.

உறவின் இருண்ட பக்கம்

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் இந்தியத் தொடர்பில் ஒரு கறையும் உண்டு. 1999–2000-இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில், வாய்ப்புற்று நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் இரண்டு வேதிப்பொருள்கள் சோதிக்கப்பட்டன. ஆய்வை முன்னெடுத்தவர்களுள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஒருவரும் இருந்தார். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன் ஒப்புதல் பெறப்படவில்லை. இது வெளிவந்ததும் பல்கலைக்கழகம் விசாரணை நடத்தி, 2001 நவம்பரில் தவற்றை வெளிப்படையாக ஏற்றது. அப்பேராசிரியர் மனிதர்களிடம் ஆய்வு நடத்துவதற்குத் தடையும் விதித்தது.

ஜாம்கேட்டில் பணியாளரைத் தேர்ந்தெடுத்தது ஊர். கட்சிரோலியில் மருத்துவமனையின் வடிவம் மக்களின் விருப்பத்துக்கு இசைந்தது. திருவனந்தபுரத்தில் நோயாளியின் முழு அறிவோடு கூடிய இசைவு உறுதிசெய்யப்படவில்லை. ஒரே பல்கலைக்கழகத்தின் தொடர்பு ஓரிடத்தில் நன்மையாகவும் மற்றோரிடத்தில் தீங்காகவும் முடிந்ததற்கு இந்த வேறுபாடே காரணம். பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்றைய நிலை

இந்திய அரசு 2005-இல் தொடங்கிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் 'ஆஷா' என்னும் பெண் பணியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். இன்று நாடு முழுவதும் அவர்கள் சுமார் 10 லட்சம் பேர். ஜாம்கேட் போன்ற முன்னோடித் திட்டங்களின் தடம் இதில் தெரிகிறது. கட்சிரோலி முறையைப் பின்பற்றி, வீட்டுக்கே சென்று பச்சிளங்குழந்தையைப் பராமரிக்கும் திட்டம் 2011-இல் ஆஷா பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் அவர்கள் பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்த குழந்தையை முதல் நாளிலும் பார்க்க வேண்டும். இப்பணிக்கு அவர்கள் பெறுவது ஊக்கத்தொகையே. முறையான ஊதியம் வேண்டும் என்ற அவர்களது கோரிக்கை பல மாநிலங்களில் இன்றும் தொடர்கிறது.