எஸ்டேட்: தோட்டத்துக்குப் போகாத கார்

பழைய கார் வாங்குகிறவர் பதிவுச் சான்றிதழில் முதலில் தேடுவது உற்பத்தி ஆண்டு. அடுத்தது, விற்பவர் எத்தனையாவது உரிமையாளர் என்பது. அதே சான்றிதழில் வண்டியின் பாடி வகையைக் குறிக்கும் கட்டம் ஒன்றும் உண்டு. சலூன், ஹேட்ச்பேக், எஸ்டேட் என ஏதோ ஒரு சொல் அதில் நிற்கும். வாங்குவோரும் விற்போரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. வாகன வரலாறு எழுதுவோர்கூட அதிகம் கவனித்ததில்லை. இந்தியச் சாலைகளில் எஸ்டேட் கார் ஏன் வேரூன்றவில்லை என்பதும், இன்று மட்டாஞ்சேரியில் ஒருவர் பழைய எஸ்டேட் ஒன்றை வாங்கினால் உண்மையில் எதை வாங்குகிறார் என்பதும் அந்தக் கட்டத்தில் உள்ள ஒற்றைச் சொல்லோடு பிணைந்தவை என்று கருதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம், மொழியியல் படித்தவர்களை விட்டு எளிதில் போகாத பழக்கம் அது. கூரை பின்கதவு வரை நீண்டு, பின் இருக்கைக்கு அப்பால் சாமான் வைக்கத் திறந்த இடம் கொண்ட காரைப் பிரித்தானியர் 'எஸ்டேட் கார்' என்றனர். நாட்டுப்புறப் பெருநிலக்கிழாரின் மாளிகைக்கு விருந்தினரையும் பெட்டிகளையும் வேட்டைக் கருவிகளையும் சேர்த்தே ஏற்றிச் சென்ற வண்டி அது. அமெரிக்கர் அதை ரயில் நிலையத்தோடு பொருத்தி 'ஸ்டேஷன் வேகன்' என்றனர். 1963இல் ரோவர் 2000, டிரையம்ப் 2000 ஆகியவை வெளிவந்த பின்னர் பிரித்தானியாவில் 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற கார் வகுப்பு உருப்பெற்றது: நிறுவன அதிகாரியின் பதவிக்கு ஏற்ற, இரண்டு லிட்டர் எஞ்சின் கொண்ட வண்டி. 1965இல் டிரையம்ப் 2000க்கு எஸ்டேட் வடிவமும் வந்தது. நிலக்கிழாரின் வண்டி மேலாளரின் வண்டியாயிற்று. பெயரில் மட்டும் நிலம் எஞ்சியது.

தமிழிலும் மலையாளத்திலும் இதே சொல் வேறொரு வரலாற்றைச் சுமக்கிறது. மூணாற்றிலோ வால்பாறையிலோ இலங்கை மலையகத்திலோ வாழும் தமிழருக்கு 'எஸ்டேட்' என்றால் தேயிலை, லயம், கங்காணி, துரை. அந்த எஸ்டேட்டுகளின் சரக்கு கடலேறிய வாயில்களில் ஒன்று கொச்சி. 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால், பியர்ஸ் லெஸ்லி போன்ற நிறுவனங்கள் ஃபோர்ட் கொச்சியிலிருந்து வணிகம் நடத்தின; ராபர்ட் பிரிஸ்டோவின் தூர்வாரும் பணியால் 1928இல் கப்பல்கள் உட்துறைமுகத்துக்குள் நுழையத் தொடங்கின. உண்மையான எஸ்டேட்டுகளும் அவற்றை ஆண்ட உண்மையான 'எக்ஸிக்யூட்டிவ்'களும் இருந்த நிலப்பரப்பு இது. எஸ்டேட் கார் எங்கேனும் செழித்திருக்க வேண்டுமானால் இங்கே செழித்திருக்க வேண்டும். ஆனால் மலைப்பாதையில் ஏறியது ஜீப்; நகரத்து மேலாளரைச் சுமந்தது அம்பாசடர் சலூன்.

அம்பாசடருக்கும் எஸ்டேட் வடிவம் இருந்தது. எனினும் நீண்ட கூரையைக் கண்டதும் பலருக்கு நினைவுக்கு வந்தது ஆம்புலன்ஸ். இதை வெறும் ரசனைக் குறைவு என்று ஒதுக்க இயலாது. எஞ்சினுக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு பெட்டி, சாமானுக்கு 'டிக்கி' என்ற மூன்றாவது பெட்டி: இந்த மூன்றும் தனித்தனியே தெரிந்தால்தான் அது கார் என்ற இலக்கணம் நம்மிடம் உருவாகிவிட்டது. ஆளும் சாமானும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தால் அது சரக்கு வண்டியின் உறவு. டிரைவர் வைத்துக் காரோட்டும் வகுப்பினருக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று.

'பழைய கார்' என்பதன் மதிப்பும் எப்போதும் தாழ்ந்திருந்ததில்லை. உரிம ஆட்சிக் காலத்தில் புதிய ஃபியட்டுக்கோ அம்பாசடருக்கோ பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், கையில் கிடைக்கும் ஓடிய வண்டி கட்டுப்பாட்டு விலையில் வரும் புதியதைவிடக் கூடுதலாக விலைபோனதுண்டு. தூதரகத்தார் பயன்படுத்திய வெளிநாட்டுக் கார்கள் அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வந்தன. அன்றைய செல்வந்தருக்கு எக்ஸிக்யூட்டிவ் வகுப்புக் காரை அடையும் நேர்வழிகளில் ஒன்று, வேறொருவர் ஓட்டியதை வாங்குவதே.

1992இல் டாடா நிறுவனம் தன் காருக்கு 'எஸ்டேட்' என்றே பெயர் சூட்டியது. டெல்கோலைன் பிக்கப்பின் அடித்தளம், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த டீசல் எஞ்சின், அக்காலத்து மெர்சிடிஸ் எஸ்டேட்டை நினைவூட்டும் தோற்றம். துணிச்சலான முயற்சி, விற்பனையில் நிலைக்கவில்லை. அதன்பின் நிகழ்ந்ததே எனக்குச் சுவையான செய்தி. 1990களின் இறுதி முதல் 2000களின் நடுப்பகுதி வரை இங்கு வந்த எஸ்டேட்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: மாருதி பலேனோ 'ஆல்டூரா', ஃபியட் 'வீக்கெண்ட்', ஓப்பல் கோர்சா 'ஸ்விங்', டாடா இண்டிகோ 'மரினா', ஸ்கோடா ஆக்டேவியா 'காம்பி'. ஒன்றும் தன்னை எஸ்டேட் என்று அழைத்துக்கொள்ளவில்லை. டாடாவே அச்சொல்லைக் கைவிட்டது. 2017இல் வால்வோ வி90 வந்தபோது அது 'கிராஸ் கன்ட்ரி'. 2018இல் மெர்சிடிஸ் ஈ-கிளாஸ் எஸ்டேட் 'ஆல்-டெரெய்ன்'. இரண்டும் தரையிலிருந்து உயர்த்தப்பட்டு எஸ்யூவியின் சாயலோடு வந்தன. பொருள் நீடித்தது, பெயர் மறைக்கப்பட்டது. சமூகமொழியியலில் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் உண்டு.

பெயரை மாற்றியும் வால் தப்பவில்லை. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், 4,000 மில்லிமீட்டருக்கு மிகாத நீளமும் குறிப்பிட்ட எஞ்சின் அளவும் கொண்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தது. நீளமே எஸ்டேட்டின் பயன். நீளத்துக்கே இப்போது தண்டம். 2008இல் இண்டிகோவின் வாலை வெட்டி நான்கு மீட்டருக்குள் அடக்கிய இண்டிகோ சி.எஸ். வந்தது. அதே குடும்பத்தின் மரினா சில ஆண்டுகளில் மறைந்தது. ரசனையை மட்டும் காரணம் காட்டும் கட்டுரைகள் இந்த வரி விதியைக் கடந்து போய்விடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஆக, இன்று பழைய ஆக்டேவியா காம்பியை வாங்குபவர் சந்தை மறந்த ஒன்றை வாங்குகிறார். பழைய கார் என்றதும் ஆய்வுலகம் ஜார்ஜ் அகர்லாஃபின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையை நாடும்: குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார், எனவே நல்ல வண்டிகள் சந்தையை விட்டு விலகுகின்றன. அக்கட்டுரை வெளியாவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் அவர் தில்லியில் இருந்தார் என்பதும், கடைத்தெரு அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியப் பெண்ணை அதில் எடுத்துக்காட்டாகத் தந்தார் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. மட்டாஞ்சேரிக்கு இந்தக் கல்பொறுக்கல் புதிதன்று. இங்கே ஏற்றுமதி மிளகின் தரப்பெயர் 'மலபார் கார்பிள்டு'. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வினை குழப்புவதைக் குறிக்கும். மூலமான அரபுச் சொல்லின் பொருளோ சலித்தல். லண்டனில் வாசனைப் பொருள்களைச் சலித்துச் சோதிக்கவே ஓர் அதிகாரி இருந்தார். பிறவிடங்களில் பொருள் தலைகீழான சொல், மிளகு வணிகத்தில் பழைய பொருளைக் காத்துவருகிறது.

ஆனால் எஸ்டேட் காரைப் பொறுத்தவரை அகர்லாஃபின் விளக்கம் பாதியே பொருந்தும். அதன் விலையைத் தாழ்த்துவது மறைந்திருக்கும் குறை மட்டுமன்று, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வடிவமும்தான். வடிவத்தைப் பொருட்படுத்தாதவருக்கு அது இலாபம். மறைந்திருப்பதைத்தான் சலிக்க வேண்டும். இங்கே கடற்காற்றின் உப்பு பின்கதவின் கீழ்விளிம்பிலும் கூரைக் கம்பிகளின் அடியிலும் வேலை செய்யும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் சாமான் தளத்தின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி குழியில் சேற்றுத்தடம் தேடாமல் எந்த வண்டியையும் வாங்கக் கூடாது. பின்கதவு, பின்விளக்கு, பின்கண்ணாடி ஆகியவை சலூனோடு பொதுவானவை அல்ல. ஒன்று உடைந்தால் மாற்று எளிதில் கிடைக்காது. எஞ்சின் உதிரிபாகம் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. அது சலூனிலும் ஓடியது.

இரும்பைவிடக் காகிதமே பெரிய கவலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கக் கோருகிறது. இதைச் சடங்காக எண்ணுவோர் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் கூறிய தீர்ப்பைப் படிக்க வேண்டும். வண்டி அடுத்தடுத்துப் பல கைகளுக்கு மாறியிருந்தும், விபத்து நாளில் பதிவேட்டில் எவர் பெயர் இருந்ததோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பே என்றது நீதிமன்றம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அங்கீகாரம் பெற்ற பழைய கார் வணிகரையே இடைக்கால உரிமையாளராகக் கருத வழிசெய்தன. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை, பூட்டானிலிருந்து வரி ஏய்த்துக் கொண்டுவரப்பட்டுப் போலி ஆவணங்களால் பதிவு பெற்றவை என்று ஐயப்பட்ட விலையுயர்ந்த பழைய வண்டிகளைக் கைப்பற்றியது. அந்த நடவடிக்கைக்கு அது இட்ட பெயர் 'நும்கோர்'. பூட்டானின் ஜொங்கா மொழியில் வண்டி என்று பொருள்.

எனவே மட்டாஞ்சேரியின் கேஎல் 43 வரிசையில் ஒரு காம்பி கண்ணில் பட்டால், சேஸிஸில் பொறித்த எண்ணைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் குறிப்பு நீக்கப்பட்டதா, முன்பு பிற மாநிலத்தில் பதிவாகியிருந்ததா என்று பாருங்கள். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவுப் புதுப்பிப்பின் இறுதி நாளையும் கேளுங்கள். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது; புதுப்பித்தாலும் அனுமதி ஐந்தாண்டுகளுக்கே. பாடி வகைக் கட்டத்தையும் ஒருமுறை படியுங்கள். வாசலில் நிற்பது எஸ்டேட்டாக இருந்து, அங்கே சலூன் என்று இருந்தால் பணம் கொடுக்கும் முன்பே அதைத் திருத்தச் சொல்ல வேண்டும்.