தைரா ஷின்கென்

தைரா ஷின்கென் (1897–1970) ஒக்கினாவாவின் ஆயுதப் போர்க்கலையான கொபுடோவின் பேராசான். கராத்தே பரவிய வேகத்தில் அதன் உடன்பிறப்பான ஆயுதக்கலை மறைந்துபோகாமல் காத்தவர்களில் முதலிடம் இவருக்கே உரியது.

ஒக்கினாவாவை ஆண்ட ரியூக்யூ அரசை ஜப்பான் 1879இல் முற்றாக இணைத்துக்கொண்டது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் குமே தீவில் தைரா பிறந்தார். பிறப்பால் குடும்பப் பெயர் மாஎசாத்தோ. தைரா என்பது பின்னர் ஏற்ற பெயர். இளமையில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தபோது விபத்தில் மண்ணுக்குள் புதையுண்டார். உயிர் தப்பினாலும் ஒரு கால் ஊனமானது. உடலை உறுதிப்படுத்தியே தீர வேண்டும் என்ற வேட்கையே அவரைப் போர்க்கலைப் பக்கம் திருப்பியது.

1922இல் டோக்கியோவில் கராத்தே ஆசான் ஃபுனாகோஷி கிச்சினைச் சந்தித்து மாணவரானார். 1929 முதல் யாபிகு மோதேனிடம் ஆயுதம் பயின்றார். வாழ்வின் உண்மையான திருப்பம் இதுதான். கலை அழிந்துவிடும் என்று அஞ்சி 1911இலேயே ஆய்வுச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தவர் யாபிகு. தைரா 1932இல் குன்மா மாகாணத்தின் வெந்நீரூற்று ஊரான இகாஹோவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அடுத்த ஆண்டே யாபிகுவிடம் ஆசான் தகுதி பெற்றார். ஷித்தோ-ரியூ கராத்தேயை நிறுவிய மாபுனி கென்வாவிடமும் கற்றார்.

1940இல் ஒக்கினாவா திரும்பினார். 1945இல் ஒக்கினாவாவில் நடந்த போரில் தீவு மக்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் மாண்டனர். அதுவரை ஆயுதப் பாடங்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. ஊருக்கு ஒன்றாய், குடும்பத்துக்கு ஒன்றாய் மனிதர்களின் உடலிலேயே இருந்தன. ஆசான் இறந்தால் பாடமும் இறக்கும். போருக்குப் பிந்தைய தைராவின் உழைப்பை இந்த இழப்போடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

1955இல் ரியூக்யூ கொபுடோவைப் பேணி வளர்க்கும் சங்கத்தை நிறுவினார். எட்டு ஆயுதங்களுக்கு 42 கட்டாக்களை, அதாவது ஒழுங்குபடுத்திய அசைவுத் தொடர்களை, விட்டுச்சென்றார். நீண்ட கம்பான போ, முக்கவர் இரும்பான சாய், கைப்பிடி வைத்த கட்டையான டொன்ஃபா, இணைகோலான நுஞ்சாக்கு, அரிவாளான காமா, விரல்களில் பூட்டும் இரும்பான டெக்கோ, கேடயமும் குறுவேலும் இணைந்த டின்பே, எடை கட்டிய சங்கிலியான சுருஜின் ஆகியவை அந்த எட்டு. உழவர்களின் கருவிகளே ஆயுதங்களாயின என்ற கதை உலகெங்கும் சொல்லப்படுகிறது. காமாவுக்கு அது பொருந்தும். சாயோ ரியூக்யூ அரசின் காவலர்கள் ஏந்தியது. உழவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கொபுடோ முழுவதையும் ஏழை உழவனின் கலையாகச் சுருக்குவது தவறு.

தைரா வெறும் தொகுப்பாளரும் அல்லர். பாடம் குறைந்திருந்த நுஞ்சாக்குக்கும் டெக்கோவுக்கும் தாமே கட்டா அமைத்தார். தம் பிறப்புக் குடும்பப் பெயரால் அவை மாஎசாத்தோ கட்டாக்கள் எனப்படுகின்றன. 1964இல் வெளியான ‘ரியூக்யூ கொபுடோ தைக்கான்’ என்னும் நூல், செவிவழியும் கைவழியும் வந்த கலையை அச்சில் ஏற்றியது.

1970 செப்டம்பரில் அவர் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் புரூஸ் லீயின் ‘என்டர் த டிராகன்’ நுஞ்சாக்கை உலகறியச் செய்தது. அதைச் சுழற்றிப் பழகிய எண்ணற்ற இளைஞர்களில் தைராவின் பெயரைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. ஒக்கினாவாவில் அகாமினே எய்சுகேயும் ஜப்பானின் பெருநிலப்பகுதியில் இனோவே மோதோகாத்சுவும் அவர் மரபைத் தொடர்ந்தனர். இன்று உலகில் கற்பிக்கப்படும் ரியூக்யூ கொபுடோவின் பெரும்பகுதி இவ்விரு கிளைகளின் வழி வந்ததே.