ஸ்டாண்டர்டு ஹெரால்டு முன்சக்கரம்: இடத்து மாடும் வலத்து மாடும்

பட்டணத்துல இருக்கற சொந்தக்காரப் பையன் ஒருத்தன் தாத்தா ஓட்டின ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை மறுபடி ஓட வைக்கணும்னு கிளம்பியிருக்கான். முன்சக்கர சாமானை இங்கிலாந்துல இருந்து வரவழைக்கலாமா, எது எதுக்குச் சேரும்னு கேட்டான். அதுக்குப் பதில் சொல்ல அந்த வண்டியோட பிறப்புல இருந்து ஆரம்பிக்கணும்.

1953-ல ஃபிஷர் அண்ட் லட்லோங்கற பாடி கம்பெனியை, போட்டிக்காரங்களான பி.எம்.சி. வாங்கிட்டாங்க. அவங்களை நம்பியிருந்த ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் கம்பெனிக்கு அடுத்த காரோட பாடிக்கு வழியில்லாமப் போச்சு. அதனால தனியா சேஸிஸ் செஞ்சு, அது மேல பாடியைத் துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டினாங்க. 1959-ல வந்த டிரயம்ஃப் ஹெரால்டு அப்படிப் பிறந்ததுதான். 1961-ல இருந்து அதையே மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டுன்னு செஞ்சாங்க. இங்கிலாந்துல 1963-ல ஸ்டாண்டர்டுங்கற பேரே மறைஞ்சுபோச்சு. நம்ம ஊர் ரோட்டுல அதுக்கப்புறமும் ஓடுச்சு.

வழியில்லாம செஞ்ச அந்த ஏற்பாடு பெரிய வம்சமா வளர்ந்துச்சு. 1962-ல விடெஸ், ஸ்பிட்ஃபயர், 1966-ல ஜிடி6 எல்லாம் ஹெரால்டோட முன்சக்கர அமைப்பை வச்சுத்தான் வந்தது. லோட்டஸ் எலான் கூட அந்த வீட்டுச் சாமானைத்தான் எடுத்துக்கிட்டது. இன்னிக்கும் உதிரி கிடைக்குதுன்னா காரணம் இதுதான்.

இப்ப சாமானுக்கு வருவோம். சக்கரம் சுத்தற ஸ்டப் ஆக்சிலை ஒரு நிமிர்ந்த இரும்புத் தூண் பிடிச்சிருக்கும். அதுக்கு வெர்டிக்கல் லிங்க்னு பேரு. அதோட மேல் முனை பால் ஜாயிண்டுல நிக்கும். கீழ்முனையில மரை போட்டிருக்கும். அது டிரன்னியன்ங்கற பித்தளைக் கட்டைக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் இந்த மரைதான் திரும்புது.

இங்கதான் கவனம் வேணும். ஒரு பக்கத்து மரை வலது மரை, அடுத்த பக்கத்துது இடது மரை. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ஏர்ல பழகின இடத்து மாட்டை வலத்துல பூட்டினா என்ன ஆகும்? அதே கதைதான். வாங்கும்போதே எந்தப் பக்கம்னு கேட்டு வாங்குங்க.

அடுத்தது எண்ணெய். டிரன்னியனுக்கு கிரீஸ் வேண்டாம், 90 கியர் ஆயில்தான். நம்ம டிராக்டருக்கு ஊத்தற அதே ரகம்தான். கிரீஸ் மரையோட அடிவரைக்கும் இறங்காது. தண்ணி புகுந்து துரு பிடிச்சா, தூண் மரையிலயே ஒடிஞ்சு சக்கரம் மடங்கிடும். கடையாணி கழண்ட வண்டி கதிதான். அதனால பழைய தூணைக் கழட்டினா துடைச்சு, மரையில துருக்குழி இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க. இருந்தா, பெயிண்ட் அடிச்சு மாட்டாதீங்க, தூக்கிப் போடுங்க.

பிரேக் மாத்தறதுக்கும் கணக்கு இருக்கு. ஹெரால்டுல முதல்ல வந்தது 8 அங்குல டிரம். ஸ்பிட்ஃபயர்ல 9 அங்குல டிஸ்க், ஜிடி6-ல 9.7 அங்குலம். டிஸ்குக்கு மாறணும்னா தூண், ஸ்டப் ஆக்சில், ஹப், காலிப்பர்னு ஒரே வண்டியில இருந்து முழுசா எடுங்க. முழுசா எடுத்தா மேல பால் ஜாயிண்டுலயும் கீழ விஷ்போன்லயும் போல்ட் போட்டு மாட்டிரலாம். ஜிடி6 ஸ்டப் ஆக்சில் பெருசு, அதோட பேரிங் ஹெரால்டு ஹப்புல சேராது. ரெண்டையும் கலக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாத்தவும் கூடாது, பிரேக் புடிச்சா வண்டி ஒருபக்கமா இழுக்கும். மாஸ்டர் சிலிண்டரும் புது பிரேக்குக்குப் பொருந்தணும்.

தாத்தா காரை ஓட்டிப் பார்க்க ஆசை இருக்கறவங்க முதல்ல பெயிண்ட் கடைக்குப் போகாதீங்க. ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா வேலை அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.