தொட்டு வளர்க்கும் மீன்

பறவை தன் முட்டையைத் தொட்டுப் பொரிக்கும். மீன் பார்த்தே பொரிக்கும். ஆமையோ மணலில் புதைத்துவிட்டு வந்த முட்டையைக் கடலில் இருந்தபடி நினைத்தே பொரிக்கும். குரு தன் மாணாக்கருக்கு அருளும் மூன்று வழிகளை விளக்க நம் முன்னோர் எடுத்தாண்ட உவமை இது. இதனை உயிரியல் பாடமாகக் கொள்ளலாகாது என்பதை அறிவோம். ஆயினும் பார்வையை மீனுக்கும் தொடுகையைப் பறவைக்கும் பகுத்தளித்த இவ்வுவமைக்குள் அடங்காத மீனொன்று தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையில் வாழ்கிறது. தன் குஞ்சுகளுக்குத் தன் மேனியையே உணவாக்கி வளர்க்கும் அம்மீனின் பெயர் டிஸ்கஸ். கண்ணாடித் தொட்டிக்குள் அதன் குஞ்சுகளை நலமுடன் வளர்க்க மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றையும், அவ்வரலாற்றை அறியாமல் நாம் செய்த பிழையொன்றையும் இக்கட்டுரையில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வியன்னாவில் ஒரு பெயர்சூட்டல்

1817ஆம் ஆண்டு ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினா, போர்ச்சுகல் அரச மரபின் இளவரசர் பெத்ரோவை மணந்து பிரேசிலுக்குப் பயணமானார். அத்திருமணத்தையொட்டி இயற்கை ஆய்வாளர் குழுவொன்றையும் ஆஸ்திரிய அரசு பிரேசிலுக்கு அனுப்பியது. அக்குழுவில் இருந்தவர் யோஹான் நாட்டரர். உடன் வந்தோர் பலரும் நாடு திரும்பிய பின்னரும் அவர் அங்கேயே தங்கி, 18 ஆண்டுகள் காடுகளிலும் ஆறுகளிலும் அலைந்து பறவைகளையும் விலங்குகளையும் மீன்களையும் சேகரித்தார். அவ்வாறு அவர் வியன்னாவுக்கு அனுப்பிய மீன்களுள், தட்டுபோல் வட்டமான, பக்கவாட்டில் தட்டையான மீனொன்றும் இருந்தது. கருநீர் ஓடும் ரியோ நெக்ரோ ஆற்றில் பிடிபட்டது அது.

பதப்படுத்தி வைக்கப்பட்ட அம்மீனை ஆராய்ந்து, 1840ஆம் ஆண்டு 'சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்' என்று பெயரிட்டவர் யோஹான் யாகோப் ஹெக்கெல். அதன் உடலில் ஒன்பது குறுக்குப் பட்டைகள் உண்டு. அவற்றுள் முதலாவதும் ஐந்தாவதும் ஒன்பதாவதும் மட்டும் அழுத்தமானவை. 1904ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர் ழாக் பெல்லெக்ரின், தெஃபே, சாந்தரேம் ஆகிய இடங்களிலிருந்து கிடைத்த மீன்களில் ஒன்பது பட்டைகளும் ஒரே அழுத்தத்தில் இருக்கக் கண்டு, அவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மீனைப் பற்றி அறிவுலகம் அறிந்திருந்தவை பட்டைகளும் பற்களும் துடுப்புக் கதிர்களுமே. அது எவ்வாறு பிள்ளை வளர்க்கிறது என்பதைப் பதப்படுத்திய உடல் எவருக்கும் சொல்லவில்லை.

காக்கப்போய் இழந்தவை

பின்னர் உயிருள்ள டிஸ்கஸ் மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரத் தொடங்கின. அழகில் மயங்கி வாங்கியோர் அவற்றை உயிருடன் வைத்திருக்கவே திணறினர். அரிதாகச் சில இணைகள் முட்டையிட்டன. அப்போது வளர்ப்போர் கைக்கொண்டது, டிஸ்கஸின் உறவினமான ஏஞ்சல் மீனிடம் கற்ற வழியாகும். ஏஞ்சல் மீன் தொட்டிக்குள் தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவது வழக்கம். ஆகையால் முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றுக்குமிழ் விட்டுப் பொரிக்கச் செய்து, நுண்ணுயிர்களை உணவாகக் கொடுத்தால் குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

டிஸ்கஸுக்கும் அதனையே செய்தனர். முட்டைகள் பொரிந்தன; குஞ்சுகள் நீந்தவும் செய்தன; சில நாள்களில் மடிந்தன. உணவின் அளவை மாற்றியும் நீரை மாற்றியும் பார்த்தனர். பெற்றோரைப் பிரித்ததே பிழை என்பது எளிதில் புலப்படவில்லை.

இப்பிழையை நாமும் செய்தோம். நாம் வளர்த்த இணை முதன்முறை இட்ட முட்டைகளை இரண்டாம் நாளே தின்றுவிட்டது. இரண்டாம் முறை, 'இம்முறை காப்பாற்றியே தீருவோம்' என்று முட்டைகளைத் தனித் தொட்டிக்கு மாற்றினோம். குஞ்சுகள் பொரிந்து நீந்திய மாலையில் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஐந்தாம் நாள் காலையில் ஒன்றுகூட உயிருடன் இல்லை. அடுத்த தொட்டியில் பெற்றோர் இரண்டும் மேனி கறுத்து, கண்ணாடியோரமாக நின்றிருந்தன. அக்கருமையின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

1959: ஒரு கட்டுரை

1959ஆம் ஆண்டு 'தி அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' என்ற ஆய்விதழில் ஹில்டெமான் எழுதிய கட்டுரை இம்மீனின் பிள்ளை வளர்ப்பை அறிவியல் உலகுக்கு விளக்கியது. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் நேரே பெற்றோரிடம் சென்று, அவற்றின் பக்கவாட்டில் மொய்த்துக்கொண்டு, மேனியில் சுரக்கும் வழவழப்பான சளியைக் கொத்தித் தின்கின்றன. பிற மீன்களின் மேனியிலும் சளி உண்டு. அது பெரும்பாலும் கவசமே. டிஸ்கஸிலோ அது உணவும் ஆகிறது. தாய் மட்டுமன்று, தந்தையும் இவ்வாறு ஊட்டுகிறது. சில நிமிடங்கள் ஊட்டியபின் ஒரு மீன் சட்டென உடலைச் சொடுக்கி விலக, குஞ்சுகள் மற்றதன் மேனிக்குத் தாவிக்கொள்கின்றன.

இதனை அறிந்த பின்னரும் எல்லோரும் பெற்றோரை நம்பிவிடவில்லை. அமெரிக்காவின் ஜாக் வாட்லி, ஆழமற்ற கிண்ணங்களில் குஞ்சுகளை விட்டு, முட்டையால் செய்த பசையை விளிம்பில் தடவி ஊட்டும் முறையைக் கையாண்டு பெயர்பெற்றார். நாளில் பலமுறை நீர் மாற்றவேண்டிய அம்முறையில் வெற்றி காண அசாத்தியப் பொறுமை வேண்டும். ஜெர்மனியில் எடுவர்ட் ஷ்மிட்-ஃபோக்கே என்ற மருத்துவர் பல்லாண்டுகள் இம்மீனை இனப்பெருக்கம் செய்து புதிய நிற வகைகளை உருவாக்கினார். பிற்காலத்தில் வீடுகளுக்கு வந்துசேர்ந்த நீல, செந்நிற வகைகள் பல, இவ்விருவர் போன்றோரின் உழைப்பிலிருந்து கிளைத்தவையே.

பால்குடியும் மறப்பும்

அச்சளியில் அப்படி என்னதான் இருக்கிறது? 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் அறிஞர்களுடன் இணைந்து வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. முட்டையிடும் காலத்திலேயே பெற்றோரின் சளியில் புரதத்தின் அளவும் நோய் எதிர்ப்புப் புரதங்களின் அளவும் உயர்கின்றன. குஞ்சுகள் நீந்தத் தொடங்கி மூன்றாம் வாரம் வரும்வரை அவ்வுயர்வு நீடிக்கிறது. அதாவது, குஞ்சு பெறுவது உணவை மட்டுமன்று. சீம்பால் போல நோய்க்கான காப்பையும்தான். பாலூட்டிகளில் பால்சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கு இம்மீனின் சளிச் சுரப்பிலும் பங்குண்டு என்பது பிற ஆய்வுகளால் அறியப்பட்டது.

மூன்றாம் வாரத்தில் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. அதுவரை குஞ்சுகளுக்கு உடம்பைக் கொடுத்து நின்ற பெற்றோர், அவற்றை விட்டுச் சிறிது நேரம் விலகி நீந்தத் தொடங்குகின்றன. பசித்த குஞ்சுகள் வேறு இரை தேடுகின்றன. நான்காம் வாரத்தில் அவை பெரும்பாலும் தாமே இரைதேடிக் கொள்கின்றன. நம் வீடுகளில் தாய்மார் பால்குடி மறக்கடிப்பதைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

நிறத்துக்குக் கொடுத்த விலை

குஞ்சுகள் பெற்றோரைக் கண்டடைய உதவுவது பெற்றோரின் கருமை. பிள்ளை வளர்க்கும் காலத்தில் பெற்றோரின் மேனி கறுக்கும். குஞ்சுகள் கரிய பொருளை நாடிச் செல்லும் இயல்புடையவை. நாம் அன்று கண்ட கருமை, வராத பிள்ளைகளை அழைக்க ஏற்றிவைத்த விளக்குப் போன்றது என்பது பிற்பாடே தெரிந்தது.

1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் உருவாகிப் புகழ்பெற்ற 'பிஜன் பிளட்' என்ற வகையில் இந்தக் கருமைக்கு இடமில்லாமற் போயிற்று. குறுக்குப் பட்டைகள் மறைந்து, இளமஞ்சளும் செம்மையுமாய் ஒளிரும் அம்மீன், பிள்ளை பெற்ற காலத்திலும் கறுப்பதில்லை. அதன் குஞ்சுகள் பல நேரங்களில் பெற்றோரை விட்டுவிட்டு, தொட்டியிலுள்ள கரிய வடிகட்டியையோ வெப்பமூட்டியையோ மொய்த்துக்கொண்டு பட்டினியால் மடிகின்றன. ஆகையால் வளர்ப்போர், கறுக்கும் இயல்புடைய வேறு வகை மீனைச் செவிலித்தாயாக வைப்பதுண்டு. நம் கண்ணுக்கு இனிமை வேண்டிக் குஞ்சின் கண்ணுக்கிருந்த அடையாளத்தை அழித்துவிட்டோம். வகைகளை உருவாக்கிய கைவண்ணத்தை மறுக்கவில்லை; இவ்விழப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்பதே நம் கருத்து.

வீட்டுத் தொட்டியில்

இவ்வரலாறு தரும் பாடங்கள் எளியவை. இணைக்குத் தனித் தொட்டி வேண்டும். அடியில் மணலோ கற்களோ வேண்டா. முட்டையிடுவதற்குச் செங்குத்தான ஒரு மண்கூம்பு போதும். நீர் மென்மையானதாகவும் சற்றே அமிலத்தன்மை கொண்டதாகவும், வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸாகவும் இருத்தல் நலம். கடினநீரில் முட்டைகள் வீணாவது மிகுதி. முட்டைகள் ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரியும், மேலும் இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் கூம்பிலேயே ஒட்டித் துடித்துக்கொண்டிருக்கும், பின்னர் நீந்தும். அப்போது தொட்டியின் பின்புறமும் கருவிகளும் வெளிர்நிறமாக இருந்தால், உள்ளே கரியவை பெற்றோரின் மேனிகள் மட்டுமே. இளம் இணை முதல் சில முறை முட்டைகளைத் தின்பது இயல்பு. அதனைக் கண்டு அவற்றைத் தகுதியற்ற பெற்றோர் என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை, அவையும் பழகவேண்டும்.

நீந்தத் தொடங்கிய நான்கைந்து நாள்களில் புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அப்போதும் பெற்றோரை விலக்கவேண்டா. மூன்று வாரங்கள் கழிந்து, பெற்றோர் தாமே விலகத் தொடங்கிய பின் பிரிப்பது போதும். அதன்பின் நாள்தோறும் நீர் மாற்றுவதும், சிறுசிறு அளவில் பலமுறை உணவிடுவதும் இன்றியமையாதவை. நலமான குஞ்சின் மேனி வட்டமாக இருக்கும். கண் உடலுக்கு ஏற்ற அளவில் இருக்கும். மேனி நீண்டு, கண் மட்டும் பெரிதாய்த் தெரிந்தால் வளர்ச்சி குன்றிவிட்டது என்று பொருள். இளமையில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் மீட்பது அரிது.

மூன்றாம் முறை நாம் எதையும் மாற்றவில்லை. விளக்கைத் தணித்து, தொட்டிக்கு எதிரே நாற்காலிகளைப் போட்டு அமர்ந்து பார்த்திருந்தோம். கூம்பிலிருந்து ஒவ்வொன்றாய்ப் பிரிந்த குஞ்சுகள் நீரில் சற்றே தடுமாறி, பின் கறுத்து நின்ற தந்தையின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டன. நூற்றுக்கு மேற்பட்டவற்றுள் அறுபத்தொன்று வளர்ந்து பெரிதாயின. பார்த்தே பொரிக்கும் மீன் என்ற அப்பழைய உவமை அன்றிரவு நினைவுக்கு வந்தது. தொட்டிக்கு இப்புறம் அமர்ந்து, கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம்; அப்புறம் தொட்டு வளர்த்தவை மீன்கள்.